அரிவாளைக் கீழே வைக்கும் விதம்

பால்பாண்டி அரிவாளைச் சும்மா தரையில் வைக்க மாட்டான். கைப்பிடியைப் பிடித்தபடி முகத்துக்கு நேரே உயர்த்துவான். அலகின் முதுகை ஒரு கண்ணில் ஒற்றுவான். மறு கண்ணில் ஒற்றுவான். பிறகுதான் குனிந்து வைப்பான். வண்டிப் பலகையில் வைப்பதென்றால் இதெல்லாம் கிடையாது. மண்ணில் வைக்கும்போது மட்டும். மொத்தம் இரண்டு நொடி ஆகும்.

அவனுடைய அப்பாவும் சித்தப்பாவும் அப்படித்தான் வைப்பார்கள். உடன்குடிப் பக்கம் அவர்கள் தெருவில் அரிவாள் பிடித்த எல்லோருமே அப்படித்தான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் முத்தாரம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பழக்கம் என்றுகூட அவள் நினைத்ததில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதை யாரும் பழக்கம் என்று சொல்வதில்லை.

மலையாள நாட்டில், விழிஞ்ஞத்துக்குப் போகிற பைபாஸ் ஓரம், முக்கோலாவில், அவர்களுடைய இளநீர் வண்டி நின்றது. பதினான்கு வருடமாக அதே இடம். பக்கத்தில் சுவாமிதாஸின் பேக்கரி. சுவாமிதாஸ் எல்லையோரப் பாறசாலைக்காரர். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் பேசுவார்.

"பால்பாண்டியே, கத்தியைக் கும்பிட்டது மதி, போதும். எனக்கொரு கரிக்கு வெட்டு" என்பார். கரிக்கு என்றால் இளநீர்.

மகள் சுஜா சின்னவளாக இருந்தபோது இன்னும் மோசம். "அம்மா, அப்பா கத்திக்கு உம்மா கொடுக்காரு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். பால்பாண்டி சிரிப்பான். அடுத்த முறையும் அப்படியேதான் வைப்பான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை நாலரை மணி. அதற்கு முந்தின நாள் கட்டட வேலைக்கு வந்த ஒருவன் கூட இருந்தவனைக் குத்திக் கொன்றுவிட்டு ஓடியிருந்தான். தமிழன், நாற்பது வயது, நீலக் கட்டம் போட்ட கைலி என்று போலீசுக்குச் சொல்லியிருந்தார்கள். பால்பாண்டி அன்று நீலக் கட்டம் போட்ட கைலிதான் கட்டியிருந்தான்.

ஜீப் வண்டிக்கு எதிரே வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த எஸ்.ஐ. கையில் துப்பாக்கி இருந்தது.

"கத்தி தாழெ இடடா!"

பால்பாண்டியின் இடது கையில் பாதி சீவின இளநீர், வலது கையில் அரிவாள். அவன் இளநீரை விட்டுவிட்டான். அது உருண்டு ரோட்டுக்குப் போனது. கீழே போடு என்று எஸ்.ஐ. மறுபடியும் கத்தினார். பலகை முழுக்கக் காய் இருந்தது. தரையில் வைப்பதென்றால் வண்டிக் குடையைவிட்டு ஒரு எட்டு முன்னால் வர வேண்டும். வந்தான். சொன்னதைச் செய்யப் போகிறவனின் அவசரம் அவன் முகத்தில் இருந்தது. அரிவாளைக் கண்ணுக்குக் கொண்டுபோனான்.

ஒரு கண்ணில்தான் ஒற்றினான்.

முத்தாரம்மாள் பக்கத்தில் நின்றாள். கையில் ஸ்ட்ரா கட்டு. சத்தம் கேட்டதும் லாரி டயர் வெடித்தது என்று நினைத்து ரோட்டைப் பார்த்தாள். திரும்பியபோது அவன் உட்கார்ந்திருந்தான். அரிவாள் மண்ணில் கிடந்தது.

தேடிய ஆள் மூன்றாம் நாள் நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் பிடிபட்டான். பேப்பரில் படம் வந்தது. பால்பாண்டிக்கும் அவனுக்கும் மீசைகூட ஒத்துப்போகவில்லை.

ஆனால் சுட்ட அன்று இரவே ஒரு கேஸ் பதிவாகியிருந்தது. எஸ்.ஐ. பிபினை வெட்டிக் கொல்ல முயன்றதாக. குற்றம் சாட்டப்பட்டவரை அங்கே பிரதி என்பார்கள். முதல் பிரதி பால்பாண்டி. வேறு பிரதி இல்லை.

"செத்த ஆள் மேலயா கேஸ்?" என்று முத்தாரம்மாள் கேட்டாள்.

"ஆமா சேச்சி" என்றாள் அஸ்வதி.

அஸ்வதி இலவசச் சட்ட உதவிக்கு வந்த வக்கீல். முப்பது வயதுகூட இருக்காது. வஞ்சியூர் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இன்னும் இரண்டு வக்கீல்களோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தமிழ் டி.வி.யில் கற்றது.

"போலீஸ் சுட்டு ஒராள் செத்தா, மஜிஸ்ட்ரேட் விசாரணை உண்டு. சப் கலெக்டர் நடத்துவார். அவர் எழுதுற ரிப்போர்ட்தான் முக்கியம். சுட்டது தப்புன்னு அவர் எழுதினா, இந்தக் கேஸ் நிக்காது."

"அவரு பேரு அதுலேருந்து போயிருமா?"

"போகும்."

முத்தாரம்மாளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். மற்றவர்கள் அவளிடம் வேறு என்னென்னவோ சொன்னார்கள். அரசாங்கம் ஏதாவது கொடுக்கும், சுஜாவுக்கு வேலை கேட்கலாம், அந்த எஸ்.ஐ.யை உள்ளே தள்ளலாம். அவள் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு அந்தக் கேஸ் காகிதம்தான் கண்முன் நின்றது. பெயர், அப்பா பெயர், வயது, கொல்ல முயன்றான்.

"சட்டத்துல ரெண்டு காரியம் உண்டு" என்றாள் அஸ்வதி. "ஒண்ணு, அரெஸ்ட் செய்யப் போற போலீசுக்கு ஆளைக் கொல்ல அதிகாரம் இல்ல. தூக்கோ ஆயுளோ கிட்டுற குற்றம் செஞ்ச ஆளா இருந்தா மட்டும்தான் அந்த அளவுக்குப் போகலாம். அதும் வேற வழியே இல்லாம இருக்கணும். பால்பாண்டி அண்ணன் ஒண்ணுமே செய்யலை. அதுல நமக்குப் பயம் வேண்டாம்."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது தற்காப்பு. ஒருத்தன் என்னைக் கொல்ல வர்றான்னு தோணினா, அவனைத் தடுக்க எனக்கு அதிகாரம் உண்டு. கொல்லவும் உண்டு. போலீஸ்னு இல்ல, சேச்சிக்கும் உண்டு. அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் வேணும், அவ்வளவுதான்."

"அவரு கொல்லப் போகலியேம்மா."

"கேள்வி அது இல்ல சேச்சி."

"பின்ன எதுதான் கேள்வி?"

"எஸ்.ஐ. என்ன கண்டார்? அதைக் கண்டா சாதாரண ஒரு மனுஷன் பயப்படுவானா? அதான் கேள்வி."

அம்மாவுக்குப் பக்கத்தில் சுஜா இருந்தாள். பிளஸ் டூ முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். "அப்பா மனசுல என்ன இருந்துச்சுன்னு யாரும் சோதிக்க மாட்டாங்களா, மேடம்?"

"இல்ல மோளே."

அஸ்வதி லேப்டாப்பைத் திருப்பினாள். பேக்கரி கேமரா. சத்தம் இல்லாத இருபது நொடி. ஜீப் வருகிறது. இளநீர் உருள்கிறது. பால்பாண்டி ஒரு எட்டு வைக்கிறான். மேலிருந்து பார்க்கிற கேமராவுக்கு வண்டியின் பெரிய குடை அவனை இடுப்புக்கு மேல் மறைக்கிறது. பிறகு அவன் குடைக்குக் கீழே தெரிகிறான், உட்கார்ந்தபடி.

"கத்தி ஓங்கினதுன்னு மூணு போலீசும் சொல்றாங்க. சுவாமிதாஸ் அப்போ அடுப்புப் பக்கம் நின்னாராம், காணலைன்னுட்டார். மிச்சம் சேச்சி மட்டும்தான்." அஸ்வதி பேனாவை மூடினாள், திறந்தாள். "பொய் சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வக்கீல் அதைச் சொல்லக்கூடாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா மதி. கத்தியைத் தாழெ வைக்கப் போனார். அது நிஜம்தானே? அங்க நிறுத்துங்க. கண்ணுல ஒத்துற விஷயம் வேண்டாம்."

"அதாம்மா அவரு செஞ்சது."

"எனக்கு மனசிலாயி சேச்சி. அதான் வேண்டாங்கறேன்."

முத்தாரம்மாள் தலையை ஆட்டினாள். ஏன் வேண்டாம் என்று அவளுக்குப் புரியவில்லை. கும்பிடுகிற கையைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா?

விசாரணை ஏப்ரலில் வந்தது. காலையில் கிழக்கேகோட்டையில் இறங்கி, பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார்கள். சுஜாதான் எறிந்தாள். நன்றாக உடைந்தது. இருவரும் அடுத்த பஸ் ஏறினார்கள்.

சப் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சு ஒன்றுதான். அதன் ஒரு கோடியில் பிபின் உட்கார்ந்திருந்தார். யூனிபார்ம் இல்லை. வெள்ளைச் சட்டை, கையில் தண்ணீர் பாட்டில். இருபத்தேழு வயது என்று அஸ்வதி சொல்லியிருந்தாள். முத்தாரம்மாளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர்போல மறுபடியும் உட்கார்ந்தார்.

சுஜா நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"சாருக்கு ராத்திரி உறக்கம் கிட்டுதா?"

"ஏ, சும்மா இரு" என்றாள் முத்தாரம்மாள்.

"இல்ல" என்றார் பிபின்.

சுஜா இதை எதிர்பார்க்கவில்லை. திரும்பி வந்து அம்மாவை ஒட்டி நின்றுகொண்டாள்.

அவரை முதலில் கூப்பிட்டார்கள். அரை மணி நேரம். வெளியே வந்தபோது பாட்டில் காலியாக இருந்தது.

சப் கலெக்டர் பாலக்காட்டுக்காரர். தமிழ் நன்றாகத் தெரிந்தது. முத்தாரம்மாளுக்கு நாற்காலி போடச் சொன்னார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பச் சொன்னார். பக்கத்தில் ஒரு கிளார்க் எழுத உட்கார்ந்திருந்தார். அஸ்வதி ஓரமாக உட்கார்ந்தாள். சுஜாவையும் உள்ளே விட்டார்கள்.

"நடந்ததை உங்க வழியிலேயே சொல்லுங்கம்மா. அவசரம் இல்லை."

அவள் சொன்னாள். ஜீப், இளநீர், ஒரு எட்டு.

"கத்தியைக் கீழே போடுன்னு சொன்னது அவருக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார். பதினாலு வருஷமா இங்கதான இருக்கோம்."

"அப்புறம் என்ன செஞ்சார்?"

"கீழ வைக்கப் போனாரு."

"கத்தி உயர்ந்ததா?"

அஸ்வதி அவளைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்தாரம்மாள் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. பிபின் உள்ளே என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். ஓங்கினான் என்று சொல்லியிருப்பார். அந்த வார்த்தை பால்பாண்டி மேல் உட்கார்ந்திருந்தது. இல்லை என்று மட்டும் சொன்னால் அது அங்கேயே இருக்கும். அவன் எப்படி வைப்பான் என்று இவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

"ஓங்கல சார். கண்ணுல ஒத்துனாரு."

"எப்படி?"

மேஜை மேல் ஒரு மரஸ்கேல் கிடந்தது. "இதை எடுக்கலாமா சார்?" என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். அவள் எழுந்து, ஸ்கேலைப் பிடித்து, முகத்துக்கு நேரே உயர்த்தினாள். ஒரு கண், மறு கண். பிறகு குனிந்து தரையில் வைத்தாள். அப்படியே பால்பாண்டி. சுஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்பவுமே இப்படித்தான் வைப்பாரா?"

"எப்பவும் சார். மண்ணுல வச்சா இப்படித்தான். இரும்பைச் சும்மா தூக்கிப் போடமாட்டாரு. எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான்."

அவர் அதை நம்பினார். அவர் முகத்தில் அது தெரிந்தது. கிளார்க்கிடம் மெதுவாகச் சொல்லி முழுவதையும் எழுத வைத்தார். முத்தாரம்மாளுக்கு நிம்மதியாக இருந்தது.

"ஒருமுறை இன்னும் காட்டுங்கம்மா. முன்னால எட்டு வச்சார்னு சொன்னீங்களே, அதோட."

அவள் ஸ்கேலை எடுத்தாள். ஒரு எட்டு முன்னால் வைத்து உயர்த்தினாள்.

எதிரே கிளார்க் இருந்தார். ஐம்பது தாண்டிய, கண்ணாடி போட்ட மனிதர். ஸ்கேல் உயர்ந்ததும் அவர் நாற்காலி ஒரு ஜாண் பின்னால் நகர்ந்தது. அதன் கால் தரையில் கிறீச்சிட்டது.

அறையில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டார்கள். கிளார்க் வெட்கப்பட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஸாரி" என்றார்.

சப் கலெக்டர் கிளார்க்கின் நாற்காலியைப் பார்த்தார்.

"அலகு எந்தப் பக்கம் இருக்கும்?"

"முதுகு அவரு கண்ணுப் பக்கம். அலகு வெளிய பாத்து."

"எதிரே நிக்கிறவர் பக்கம்."

"ஆமா சார்."

"எஸ்.ஐ. எவ்வளவு தூரத்துல நின்னார்?"

அவள் கிளார்க்கைப் பார்த்தாள். "அந்த சாரு இருக்கிற தூரம். கொஞ்சம் கூட இருக்கும்."

"நான் கேக்கிறதுக்குக் கோவப்படக் கூடாது. உங்களுக்கு அவர் பழக்கம் தெரியும். தெரியாத ஒருத்தர் அந்த இடத்துல நிக்கிறார். கொலை செஞ்ச ஆளைத் தேடி வந்திருக்கார். இதைப் பார்த்தா அவர் பயப்படுவாரா?"

ஸ்கேல் இன்னும் அவள் கையில் இருந்தது. வைக்கலாமா, எங்கே வைக்கலாம் என்று தெரியவில்லை. கிளார்க் பேனாவைத் தாளுக்கு மேல் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் நெற்றியில் வேர்வை.

"பயப்படுவாங்க சார்" என்றாள் முத்தாரம்மாள்.

அதையும் எழுதினார்கள்.

"கும்பிட்டாருன்னும் எழுதியாச்சா சார்?"

"எழுதியாச்சும்மா."

வாக்குமூலத்தைச் சுஜா வாசித்துத் தமிழில் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது. இரும்புக்கு மரியாதை, பத்தொன்பது வருடம், இரண்டு கண். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. முத்தாரம்மாள் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வராந்தாவில் அஸ்வதி பைலைப் பையில் வைத்தாள். "சாயா குடிக்கலாமா சேச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

பஸ்ஸில் சுஜா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். தம்பானூர் தாண்டின பிறகுதான் பேசினாள்.

"எந்தினா அம்மா காட்டினே? எதுக்கு?"

"உள்ளதைத்தானட்டி காட்டினேன்."

"இல்லன்னு சொல்லியிருந்தா ஆரு கேக்கப் போறா? குடை மறைச்சிருக்குல்லா."

"இல்லன்னு சொன்னா அவரு என்ன செஞ்சாருன்னு ஆகும்? சும்மா நின்னாருன்னா?"

"சும்மா நின்னாருன்னு இருக்கட்டும்!"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சுஜா அதற்குப் பிறகு அழுதாள். முத்தாரம்மாள் அவள் முதுகில் கை வைத்தாள். சுஜா தோளைக் குலுக்கி அதைத் தள்ளினாள். கொஞ்ச தூரம் போனபிறகு மறுபடியும் வைத்தாள். இந்த முறை தள்ளவில்லை.

ரிப்போர்ட் ஆகஸ்டில் வந்தது. நாற்பத்தோரு பக்கம். அஸ்வதி முக்கியமான இடங்களில் பென்சில் கோடு போட்டிருந்தாள்.

பால்பாண்டி தேடப்பட்ட ஆள் அல்ல. அவர் எந்தக் குற்றமும் செய்தவர் அல்ல. கைது செய்யும் அதிகாரத்தைக் கொண்டு மட்டும் இந்தச் சாவை நியாயப்படுத்த முடியாது. இதெல்லாம் முதல் முப்பது பக்கத்தில் இருந்தது. அஸ்வதி படிக்கப் படிக்க முத்தாரம்மாள் "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு அஸ்வதியின் குரல் தாழ்ந்தது. கத்தி முக உயரத்துக்கு உயர்ந்ததையும் அலகு அதிகாரியை நோக்கி இருந்ததையும் இறந்தவரின் மனைவியே உறுதி செய்கிறார். அவருடைய வாக்குமூலம் நம்பத்தகுந்தது. அந்தச் செயல் மரியாதையின் காரணமாகச் செய்யப்பட்டது என்பதையும் இந்த விசாரணை ஏற்கிறது. ஆனால் இறந்தவர் என்ன நினைத்தார் என்பது இங்கே கேள்வி அல்ல. அதிகாரிக்கு உயிர்பயம் ஏற்பட்டதில் நியாயம் உண்டு.

"அப்ப எல்லாத்தையும் நம்பியிருக்காரு" என்றாள் முத்தாரம்மாள்.

"எல்லாத்தையும் நம்பியிருக்கார் சேச்சி."

"அந்தக் கேஸு?"

"அது முடிஞ்சு போச்சு. பிரதி இறந்ததால மேல்நடவடிக்கை இல்லைன்னு."

"பேரு போயிருச்சா?"

அஸ்வதி பென்சிலை வைத்தாள். "கேஸ் முடிஞ்சுது. பேர் அதுல அப்படியே இருக்கும். ஹைகோர்ட்டுக்குப் போகலாம். நான் எழுதறேன்."

"அங்கயும் இதைத்தான் கேப்பாங்களா?"

அஸ்வதி ரிப்போர்ட்டை மூடினாள். "இதைத்தான் கேப்பாங்க."

"அந்த அரிவாளு?"

"தொண்டிப்பொருள், கேஸுக்குச் சாட்சிப்பொருள். கோர்ட்டு ஸ்டோர்ல இருக்கும்."

அதை முத்தாரம்மாள் ஒருமுறை பார்த்திருந்தாள். சாக்குத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, அட்டைச் சீட்டு கட்டி, மற்ற சாமான்களோடு தரையில் போட்டிருந்தார்கள்.

வண்டியை அவள்தான் நடத்துகிறாள். புது அரிவாள் வாங்கினாள். முதல் மாதம் மணிக்கட்டு வீங்கியது. இப்போது மூன்று வெட்டில் காயின் கண் திறந்துவிடும். முன்பெல்லாம் அவள் அரிவாளைத் தொட்டதே இல்லை. கடை கட்டும்போது அதைத் தரையில் வைத்துவிட்டுத்தான் தார்ப்பாயை இழுத்துக் கட்ட முடியும். முதல் நாளே அவள் கை அதைக் கண்ணுக்குக் கொண்டுபோனது. அவள் சொல்லி அது போகவில்லை.

அக்டோபரில் ஒரு நாள், மாலை ஐந்தரை. மழை வரும்போல இருந்தது. அன்றைய கடைசி ஆளுக்குக் காயை வெட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். பேக்கரி வாசலில் ஜீப் நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ரோட்டைப் பார்த்தான். மற்றவன் அவளைப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பார்த்தான்.

பலகை முழுக்கக் காய். காற்று தார்ப்பாயை அடித்தது. அரிவாளை வைத்தால்தான் அதைப் பிடிக்க முடியும்.

கண்ணுக்குக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோகாமல் மண்ணில் வைக்கக் கை வரவில்லை. அவள் அதைத் தொடையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அலகைப் பின்னால் திருப்பி, அசையாமல் நின்றாள். முதல் தூறல் விழுந்தது.

சுவாமிதாஸ் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "முத்தாரம்மா, மழை வருது கேட்டியா? கத்தியைத் தாழெ வச்சிட்டுப் பாயைக் கட்டு!"

அவள் கேட்டாள். நின்றாள். தார்ப்பாய் ஒரு முனை விடுபட்டுக் காய்கள் மேல் படபடத்தது.

போலீஸ்காரன் காலிக் கிளாஸை நீட்டி இன்னொரு சாயா சொன்னான்.